தண்ணீர் வந்தால்தான் பள்ளிக்கூடம்: கஜா புயலுக்குப் பின் வேதாரண்யம் பக்கத்தில்

புதன் இரவு, பட்டுக்கோட்டை

திருப்பூரிலிருந்து விடிவதற்குள் கிளம்பி கரூர், திருச்சி வழியாகத் தஞ்சாவூர் வந்தோம். அதுவரை வழக்கமான சாலைதான். ஒரத்தநாட்டை நெருங்க நெருங்கத்தான் நிலைமை புரிந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடக்கின்றன. வேரோடு வந்தவை பாதி, இடுப்பில் முறிந்தவை பாதி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்த கஜா, கரையேறிய பிறகும் அடங்காமல் திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே வரை அடித்துக்கொண்டே போயிருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. பட்டுக்கோட்டைக்குள் நுழையும்போது எதிரே கம்பங்களை ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து மின்வாரிய ஊழியர்கள் சாலையோரத்தில் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடையில் ஒரு தோப்புக்காரரிடம் பேசினோம். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்றார். நான் வாத்தியார் என்பதால் கணக்கு வேறு விதமாக ஓடியது. இன்றைக்கே கன்று வைத்தாலும், இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கும் சமயத்தில்தான் முதல் காய் இறங்கும். அதுவரை அந்த வீட்டில் பீஸ், சைக்கிள், செருப்பு எல்லாவற்றுக்கும் வழி என்ன?

திருப்பூர் அரசுப் பள்ளியில் வேலை பார்ப்பதால் அதற்கான பதிலும் எனக்குத் தெரியும். டெல்டாவில் விளைச்சல் பொய்த்த ஒவ்வொரு முறையும் நடு வருஷத்தில் டி.சி. இல்லாமல் பிள்ளைகள் எங்கள் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். இன்னும் சிலர் பள்ளி வாசலுக்கே வர மாட்டார்கள், நேராகப் பனியன் கம்பெனியில் தையல்காரருக்குக் கூடமாட உதவும் கைமடி வேலைக்குப் போய்விடுவார்கள். இங்கே பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் ஒவ்வொரு வாரமும் அங்கே சில பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள். நான் கிளம்பி வந்ததற்குக் காரணம் அதுதான்.

வண்டியில் ஜெனரேட்டர், மரம் அறுக்கும் மிஷின், ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், பிவிசி பைப், பிளீச்சிங் பவுடர், தார்ப்பாய் கட்டு, கயிறு, பூட்டு எல்லாம் இருக்கின்றன. நோட்டுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. போன வாரம், நாங்கள் போகும் வேதாரண்யம் பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியையிடம் என்ன வேண்டும் என்று போனில் கேட்டபோது, “நோட்டு ஏற்கனவே ரெண்டு வண்டி வந்துருச்சு சார். தொட்டியில தண்ணி ஏத்துறதுக்கு ஒரு வழி பண்ணுங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்” என்றார். உதவ நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் கேளுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

வியாழன், வேதாரண்யத்துக்கு மேற்கே

முத்துப்பேட்டை தாண்டி வாய்மேடு, ஆயக்காரன்புலம் வழியாக வந்தோம். இது மாவும் முந்திரியும் முல்லைப்பூவும் விளைகிற மண். மாமரங்கள் மல்லாந்து கிடக்கின்றன. கடலோரக் கிராமங்களில் கடல் சேறு ஏறி, வீட்டுக்குள்ளேயே படிந்து கிடப்பதாகச் சொன்னார்கள். வழியில் இரண்டு இடங்களில் மறித்தார்கள். நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகின்றன, உள்ளே இருக்கும் தெருக்களுக்கு எதுவும் வருவதில்லை என்ற கோபம். நியாயமான கோபம். வண்டியில் இருப்பது டேங்க்கும் பைப்பும், பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம் என்று சொன்னதும் அவர்களே மரத்தை நகர்த்தி வழி விட்டார்கள்.

பள்ளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று, காங்கிரீட் கட்டடம் ஒன்று. ஓட்டுக் கட்டடத்தின் முகடு திறந்து கிடக்கிறது. காங்கிரீட் கட்டடம் தாங்கியிருக்கிறது, ஆனால் அதற்குள் ஏழு குடும்பங்கள். புயல் இரவில் ஊரே அங்கேதான் ஒண்டியிருக்கிறது. மற்றவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். திரும்பிப் போகக் கூரை இல்லாதவர்கள் மட்டும் மிச்சம்.

ஊர்ப் பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்று கூப்பிடும் தலைமை ஆசிரியை எங்களை உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டினார். அதில் வகுப்பறை, பெஞ்சு, கரும்பலகை எதுவும் இல்லை. வரிசை இப்படி இருந்தது: ஏழு குடும்பத்துக்கும் தங்க இடம், விழுந்த மரம், மோட்டார், கழிப்பறை, சமையலறை, பதிவேடு. “முகாமுல இருக்கறவங்கள வெளிய போங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன் சார். அதுல மூணு வீட்டுப் புள்ளைவொ என்கிட்டதான் படிக்குது” என்றார்.

அதனால் பள்ளியைச் சரிசெய்யும் வேலை பள்ளிக்கு வெளியே தொடங்கியது. நாங்கள் கொண்டுவந்த தார்ப்பாய், ஊரில் விழுந்து கிடக்கும் மூங்கில், தென்னை மட்டை. விழுந்த தென்னைகளால் கீற்றுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. குளத்தில் ஊறவைத்த மட்டைகளைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் மூன்று வீடுகள் தலைக்கு மேல் மறைப்பு கண்டன.

இவ்வளவு கீற்று சும்மா கிடக்கிறதே, பள்ளி வளாகத்தில் ஒரு கொட்டகை போட்டால் வகுப்பு நடத்தலாமே என்று எங்களோடு வந்த ஒருவர் கேட்டார். பெரிய டீச்சர் உடனே மறுத்துவிட்டார். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்திலிருந்து பரவிய நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கூரைக் கொட்டகை கூடாது என்று ஆனது. “அவசரம்னு ஒருநாள் போடுவோம். அது அப்பறம் அஞ்சு வருஷம் நிக்கும்” என்றார். அவர் சொன்னது சரி. அவசரத்தில் தளர்த்திய விதியை மறுபடி இறுக்க யாரும் வருவதில்லை.

வெள்ளி

முழுக்க உடம்பு வேலை. வளாகத்தில் விழுந்த வேப்பமரம் கழிப்பறைச் சுவரின் மேல் சாய்ந்திருந்தது. கண்ட இடத்தில் அறுத்தால் மரம் உருண்டு மிச்சச் சுவரையும் தள்ளிவிடும். கயிறு கட்டி எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நுனிக் கிளையிலிருந்து கழித்துக்கொண்டே வந்தார் எங்கள் மரம் வெட்டும் அண்ணன். சருகுக்கடியில் இரண்டு பாம்புகள். பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தது நல்லதாயிற்று.

மதியம் மோட்டார். மாடியில் இருந்த டேங்க்கைக் காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வயலில் போட்டிருந்தது, வாய் கிழிந்து. புது டேங்க்கை ஏற்றி, பைப் மாற்றி, ஜெனரேட்டரில் மோட்டாரைப் போட்டோம். முதலில் வந்தது செம்மண் கலங்கல். அது தெளிகிற வரை ஓடவிட்டு, டேங்க்கை பிளீச்சிங் போட்டுக் கழுவி, இரண்டாவது முறை நிரப்பினோம். குடிப்பதற்கு இந்தத் தண்ணீர் வேண்டாம், லாரித் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு.

கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வந்தபோது பெரிய டீச்சர் அங்கேயே நின்று திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வருவார்களா மாட்டார்களா என்பது அந்தக் குழாயில்தான் இருக்கிறது. கட்டடம் ஒழுகினால்கூட வந்துவிடுவார்கள், கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் வர மாட்டார்கள். வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. கரண்ட் எப்போது வரும் என்று இங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. ஜெனரேட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போவது என்று பேசிக்கொண்டோம். தினமும் காலையில் ஒருமுறை ஓட்டித் தொட்டியை நிரப்பினால் போதும்.

சாயங்காலம் ஆணி பொறுக்கினோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்த இடமெல்லாம் துருப்பிடித்த ஆணி சிதறிக் கிடக்கும். செருப்பில்லாமல் ஓடும் கால்கள் அதிகமுள்ள ஊர். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி மைதானம் முழுக்க இழுத்தார் மோட்டார் மெக்கானிக் தம்பி. ஒரு வாளி நிறைய ஆணி சேர்ந்தது.

சனி

இன்று முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன், சேர்க்கைப் பதிவேடுகளோடு.

பள்ளிக்கூடத்தில் அழியக் கூடாத ஒரு பொருள் உண்டென்றால் அது இதுதான். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, சாதி, எந்த வகுப்பில் சேர்ந்தது, எப்போது போனது, எல்லாம் இதில். டி.சி. எழுதுவது இதைப் பார்த்து. அறுபது வயதில் ஒருவர் வந்து வயதுக்கு ஆதாரம் கேட்டால் திறப்பதும் இதைத்தான். இப்போது படிக்கும் பிள்ளைகளின் விவரம் ‘எமிஸ்’ கணினிப் பதிவில் இருக்கிறது. பழைய பிள்ளைகளுக்கு இந்தத் தடிமனான நோட்டை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.

ஓடு விழுந்ததில் பீரோவின் மேல் மழை கொட்டி, அடித்தட்டு வரை இறங்கியிருக்கிறது. புயல் அடித்த மறுநாளே பெரிய டீச்சர் வந்து பதிவேடுகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு பக்க ஓடு இல்லை. இருந்த ஒரு காய்ந்த அறையைப் பதிவேடுகளுக்கு ஒதுக்கிவிட்டு, அவர் குடும்பம் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறது. இதை அவர் சொல்லவில்லை, அவருடைய மாமியார் சொன்னார்.

ஈரத் தாளை வெயிலில் போடக் கூடாது. சுருங்கி, நொறுங்கிவிடும். நிழலில், காற்று படுகிற மாதிரி நிற்கவைத்து, இடையிடையே பழைய செய்தித்தாளைச் செருகி, அது ஈரம் இழுத்ததும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்தால் எழுத்தோடு பெயர்ந்து வரும். பழைய போஸ்ட் கார்டு ஒன்றை ஓரத்தில் நுழைத்து, மெதுவாக, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் என்று பிரித்தேன். பூஞ்சை படர்ந்த ஓரங்களை மூக்கில் துணி கட்டிக்கொண்டு பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினோம். பிரித்த பக்கத்தை உடனே போனில் படம் எடுத்தான் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். பால்பாயிண்ட் பேனா எழுத்து அப்படியே இருக்கிறது. மைப்பேனாக் காலத்து எழுத்துதான் பரவி, நீலமாகக் கலங்கிவிட்டது. சில பக்கங்களில் பெயர் தெரிகிறது, தேதி தெரியவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் நிப்பு கீறிய தடம் தெரியும். அதை வைத்து ஓரளவு வாசித்தோம்.

முகாமில் இருந்த ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 1977 நவம்பர் புயலைப் பார்த்தவர். அப்போதும் இந்த நோட்டு தப்பித்தது என்றார். தன் பெயரைத் தேடச் சொன்னார். கிடைத்தது. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டதாகப் பதிவு. “ஆமா, மாடு மேய்க்கப் போயிட்டேன்” என்றார்.

இரவில் மழை. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் படுத்தோம்.

ஞாயிறு

சமையலறை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பள்ளிக்குப் பிள்ளைகளை வரவைக்கும் திட்டம் என்றும் அதைச் சொன்னார்கள். இப்போது இந்த ஊரில் அது மறுபடியும் அப்படியே ஆகியிருக்கிறது. பல வீடுகளில் ஒருவேளைதான் உலை வைக்கிறார்கள். திங்கள்கிழமை மதியம் சோறும் முட்டையும் உண்டென்று தெரிந்தால் பிள்ளைகள் வருவார்கள், அம்மாக்களும் நிம்மதியாகக் கூலி வேலைக்குப் போவார்கள்.

அரிசி மூட்டைகளில் அடியில் இருந்தவை நனைந்து வாடை அடித்தன. சமையல் அக்கா ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து, உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்து ஒதுக்கினார். கொஞ்சம் சந்தேகமாக இருந்ததைக் கழுவிக் காயப்போட்டுச் சரிக்கட்டலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, “எம் புள்ளைக்குப் போடுவேனா? அப்ப இதுவொளுக்கு மட்டும் எப்புடிப் போடுறது?” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஒதுக்கிய மூட்டைகளைச் சத்துணவு அமைப்பாளர் எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதினார்.

அப்புறம் விறகு. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, எரிக்கக் காய்ந்த விறகு ஒரு சுமை இல்லை. எல்லாம் பச்சை. ஓட்டுக் கட்டடத்தில் ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களான ரீப்பர்கள் உடைந்து, காய்ந்துதான் இருந்தன, ஆனால் அவை அரசாங்கப் பொருள், ஒன்றியப் பொறியாளர் வந்து கணக்கெடுக்காமல் தொடக் கூடாது. கடைசியில் டீக்கடை அண்ணன் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே கேஸ் சிலிண்டரையும் பெரிய அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். நாளைக்குக் கடை எப்படி என்று கேட்டேன். பார்த்துக்கலாம் என்றார்.

சாயங்காலம் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். முகாமில் இருந்த குடும்பம். நான் திருப்பூர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அங்க கம்பெனியில வேலை இருக்குமா சார்? நானும் அவரும் வந்துடுறோம். பையன் ஏழாவது. அவனும் கூடமாட ஏதாச்சும் செய்வான்.”

வேலை இருக்கும் என்றேன். பொய் சொல்ல முடியாது, பிழைக்கப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் பையன் விஷயத்தை உட்கார்ந்து விளக்கினேன். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கம்பெனியில் சேர்ப்பது சட்டப்படி குற்றம். நீங்கள் திருப்பூர் வந்தாலும் அவன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். டி.சி. கையில் இல்லாவிட்டாலும் எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்க மறுக்க முடியாது, 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவனுடைய எமிஸ் எண்ணை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். என் பள்ளியின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதே மாதிரி இன்னும் மூன்று பேருக்கு எழுத வேண்டியதாயிற்று.

திங்கள்

மணி அடித்தது. தண்டவாளத் துண்டு, அதை மட்டும் புயலால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏறக்குறைய பாதிப் பேர் வந்தார்கள். யூனிபார்ம் போட்டவர்கள் குறைவு, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிரேயரில் பெரிய டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: “ஓட்டுக் கட்டடத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது. அறுந்த கம்பி, உடைஞ்ச ஷீட்டு எதையும் தொடக் கூடாது. மதியம் சாப்பாடு உண்டு.”

எட்டு வகுப்பும் காங்கிரீட் கட்டடத்தின் நான்கு அறைகளுக்குள். பாடம் நடத்தவில்லை. ஆசிரியர்கள் பேசவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காற்றின் சத்தத்தைச் செய்து காட்டினார்கள், ஒருவன் ஆரம்பித்தால் அறையே சேர்ந்து ஊதுகிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் மட்டும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். உட்காரவைத்தார்கள். அந்த டீச்சருக்கும் வீட்டில் கூரை இல்லை. வாரம் முழுக்க இப்படித்தான் போகும், பாடத்துக்கு அவசரமில்லை என்றார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. வகுப்பறை பயமில்லாத இடம் என்று ஆன பிறகு பாடம் தானாக ஏறும்.

ஆறாம் வகுப்பில் ஒரு சிக்கல். வழக்கமாகப் புத்தகம் தொலைந்தால் மேல் வகுப்புப் பிள்ளைகளின் பழைய புத்தகம் கைகொடுக்கும். இந்த வருஷம் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் பாடத்திட்டமே மாறிவிட்டது. ஊரில் பழைய பிரதி என்று ஒன்று கிடையாது. அட்டையைத் தாண்டி எதுவும் மிஞ்சாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். புதுப் புத்தகங்கள் இணையத்தில் கிடைக்கும்தான், ஆனால் கரண்டும் சிக்னலும் இல்லாத ஊரில் அதனால் என்ன பயன்? மாற்றுப் புத்தகங்கள் கேட்டு டீச்சர் மேலே எழுதியிருக்கிறார்.

மதியம் சாம்பார் சாதமும் முட்டையும். சமையல் அக்கா இரண்டாவது முறை கேட்டவர்களுக்கெல்லாம் போட்டார். பரிமாறி முடிந்ததும் வருகைப் பதிவேட்டோடு டீச்சர்கள் உட்கார்ந்தார்கள். வராதவர்களின் பெயரை ஒரு தாளில் தனியாக எழுதி, தெருவாரியாகப் பிரித்து, சாயங்காலம் வீடு வீடாகப் போனார்கள். நானும் கூடப் போனேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வீட்டு வேலைக்குக் கை தேவைப்படுகிறது, நாளைக்கு அனுப்புகிறோம். இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, ஒரு குடும்பம் திருப்பூருக்கு, ஒன்று கேரளாவுக்கு என்றார்கள். திருப்பூர் போன குடும்பத்துப் பிள்ளைகளின் பெயரையும் எமிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய், ஊர் திரும்பும் வழியில்

ஜெனரேட்டரை விட்டுவிட்டு வந்தோம். எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு அதை ஓட்டக் காட்டிக்கொடுத்திருக்கிறார் மெக்கானிக் தம்பி. டீசலுக்கு எங்கள் பள்ளி ஆசிரியர்கள் மாதம் முறைவைத்துக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். டீக்கடை அண்ணனுக்குச் சிலிண்டர் ஏற்பாடு ஆகிவிட்டது.

அடுத்த வண்டி சனிக்கிழமை கிளம்புகிறது. பெரிய டீச்சர் கேட்டிருப்பது இவைதான்: ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவப் புத்தகம், யாரிடம் கூடுதலாக இருந்தாலும் சரி, சிறு பிள்ளைகளுக்குச் செருப்பு, அளவு எழுதி அனுப்பியிருக்கிறார், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், நல்ல தடிமனான காகிதத்தில் ஒரு புதுச் சேர்க்கைப் பதிவேடு, கலங்கிய பக்கங்களைப் படியெடுத்து எழுத. பழைய துணி வேண்டாம். நோட்டு வேண்டாம். புத்தகம் வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் பள்ளியில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.